எட்டுப் பேருக்கு ஒரே ஈமெயில்

துபாயில் ஆபீஸ்களுக்கு வியாழனும் வெள்ளியும் லீவு என்று இருந்ததை வெள்ளியும் சனியும் என்று மாற்றினார்களே, அந்த வருஷம். எனக்கு வருஷக் கணக்கு நிற்காது. இப்படி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் போக முடியும். சைட்டில் கம்பி கட்டுகிற எங்களுக்கு அந்த மாற்றத்தால் ஒன்றும் ஆகவில்லை. முன்னாலும் வெள்ளி மட்டும்தான் லீவு, பின்னாலும் வெள்ளி மட்டும்தான். "நமக்கு இருக்கறது ஒரு நாளு. அத எந்தப் பக்கம் தள்ளுனா என்ன?" என்று ரூமில் ஒருத்தர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

அல்கூஸ் லேபர் கேம்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். நான்கு இரும்புக் கட்டில், கீழே ஒருவர் மேலே ஒருவர். எட்டுப் பேரில் படித்தவர் ஒரே ஒருத்தர். எங்கள் கம்பெனியிலேயே ஸ்டோர்கீப்பராக இருந்த தஞ்சாவூர்க்காரர். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை. என் பெயரைக் கையெழுத்தாகப் போடுவேன், அதுவும் கம்பி வளைப்பது போல ஒரே மாதிரி வளைத்து வளைத்துப் பழகியது. பஸ் நம்பர், ரூம் நம்பர் தெரியும். மற்ற எழுத்தெல்லாம் எனக்குப் படம் மாதிரி.

அதற்கு முன்னால் ஊரிலிருந்து கடிதம் வரும். ஸ்டோர்கீப்பர் படித்துக் காட்டுவார், பதிலும் அவரே எழுதுவார். கடிதம் வந்து சேர இரண்டு வாரம் ஆகும். ஒரு தடவை என் மாடு கன்று போட்டது என்று கடிதம் வந்து, அந்தச் சந்தோஷத்தில் நான் ரூமுக்கே பாயசம் வைத்தேன். அந்தக் கன்று செத்துப்போய் அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்டோர்கீப்பர் சொன்னார்:

"இனிமே தபால் வேணாம்யா. நம்ம ரூமுக்குன்னு ஒரு ஈமெயில் போட்டுட்டேன். எல்லாரும் ஊருக்குச் சொல்லிருங்க."

எட்டுப் பேருக்கும் ஒரே முகவரி. ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதை அவரவர் போனில் ஊருக்குச் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவரே ஒவ்வொருவர் வீட்டுக்கும் போன் போட்டு எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஊரில் பிள்ளைகள் பிரௌசிங் சென்டருக்குப் போய்த் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்டோர்கீப்பர் பர் துபாய் போய், ஒரு இன்டர்நெட் கடையில் எல்லாவற்றையும் பேப்பரில் எடுத்துக்கொண்டு வருவார். பதினோரு மணிக்குக் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் அவர் வந்துவிட வேண்டும். கையில் மஞ்சள் நிற ஃபைல். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். ரகசியம் ஏதாவது இருந்தால் சம்பந்தப்பட்டவரை மட்டும் வெளியே வாட்டர் கூலர் பக்கம் கூப்பிட்டுப் படிப்பார். அந்த மரியாதை அவருக்கு இருந்தது. யாருடைய வீட்டு விஷயமும் அவர் வாயிலிருந்து இன்னொருத்தர் காதுக்குப் போனதில்லை.

நாங்கள் எல்லோரும் அந்த ஈமெயிலை ஒரு தபால் பெட்டி என்றுதான் நினைத்திருந்தோம். பர் துபாயில் அந்தக் கடையில் இருக்கிறது, ரூம்காரன் யார் போனாலும் எடுத்துக் கொடுப்பார்கள் என்று. யாரும் அப்படிச் சொல்லவில்லை, நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

எனக்கு ஒரே மகள். அப்போது திருச்சிப் பக்கம் டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷப் படிப்பு, இன்னும் ஒரு வருஷம் பாக்கி. நான் ஊரில் இல்லாததால் வீட்டைப் பார்த்துக்கொண்டது என் மனைவியின் தம்பி. அவன்தான் ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்தான்.

"மாமா, நல்ல எடம். பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசர். இந்த ஐப்பசில முடிச்சிருவோம்."

"போட்டோவ நான் பாக்காம ஒண்ணும் பேசக்கூடாது மச்சான்," என்றேன். "பையன் விவரம், போட்டோ எல்லாம் ஈமெயில்ல போடு. பாத்துட்டுச் சொல்றேன்."

அதிலே எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. தூரத்தில் இருக்கிற அப்பனுக்கு வேறு என்ன இருக்கிறது? பந்தல் போட முடியாது, பத்திரிகை வைக்க முடியாது. பார்த்துச் சொல்வது ஒன்றுதான் என் கையில் இருந்தது.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை நான் டூட்டி முடிந்து வந்தபோது ஸ்டோர்கீப்பரின் கட்டில் காலி. மெத்தை சுருட்டி வைத்திருந்தது. கம்பெனிக்குக் கத்தாரில் புது வேலை, தோஹா தொழில்பேட்டையில் ஸ்டோர் திறக்க ஆள் வேண்டும் என்று மத்தியானமே யல்லா யல்லா என்று வண்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் ஃபைலை மட்டும் என் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே பழைய பேப்பர்கள்.

வெள்ளிக்கிழமை நானே பர் துபாய் போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டேன். பையில் லேபர் கார்டு, அந்த ஈமெயில் சீட்டு, அடையாளத்துக்கு மஞ்சள் ஃபைல். கோயில் சந்துக்குப் பின்னால் மாடியில் இருந்தது கடை. கடைக்காரர் மலையாளி, நடுவயது, காதில் பென்சில் செருகியிருப்பார். லேபர் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன், அங்கே அதைப் பத்தாக்கா என்போம்.

"எங்க ரூமுக்கு வந்த கடுதாசி வேணும். நான் அந்த ரூம் ஆளுதான். இந்தா பத்தாக்கா."

அவர் கார்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இது போஸ்ட் ஆபீஸ் இல்லா. கார்டு காட்டினா தராது. பாஸ்வேர்டு வேணும்."

"எங்க ஸ்டோர்கீப்பர் வாராவாரம் வருவாரே, மஞ்சள் ஃபைல் வச்சிக்கிட்டு. இந்தா, அதே ஃபைலு."

"ஆளை அறியும். நல்ல மனுஷன். பக்ஷே, அவர் பாஸ்வேர்டு என்கிட்ட பறஞ்ஞில்லா. உங்ககிட்ட?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றாரு?"

அவர் சிரிக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நினைக்கிறேன். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார். ஏதேதோ தட்டினார். பாஸ்வேர்டு மறந்தால் ஒரு கேள்வி வருமாம். இங்கிலீஷில் வந்ததைப் படித்துச் சொன்னார்: "அம்மாவோட பேரு கேக்குது."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. என் அம்மா பெயரைச் சொன்னேன். அவர் அடித்தார். இல்லை என்றது. "உங்க அம்மை அல்ல அண்ணா, ஈமெயில் தொடங்கின ஆளோட அம்மை," என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் வழக்கமாக வைக்கிற இரண்டு பெயரைக் குத்துமதிப்பாகச் சொன்னேன். அதோடு அந்த மெஷின், இன்றைக்கு இனிமேல் முயற்சி பண்ணாதே என்று மூடிக்கொண்டுவிட்டது.

படி இறங்கி வந்தேன். கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து வெள்ளி சாயங்காலம் ஊருக்குப் போன் பேசுகிற வழக்கம். போன் இருந்தது மச்சான் வீட்டுக் கூடத்தில். நான் கூப்பிடுகிற நேரத்துக்கு எல்லோரும் அங்கே வந்து சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். மச்சான்தான் எடுத்தான்.

"போட்டோ பாத்தீங்களா மாமா? புதன்கெழமையே போட்டாச்சி."

பார்க்கவில்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஸ்டோர்கீப்பர் போய்விட்டார், எனக்குத் திறக்கத் தெரியவில்லை என்று சொன்னால் என்ன ஆகும்? போட்டோ பார்க்காமல் பேசக்கூடாது என்று சட்டம் பேசியவன் நான். "இத்தன வருஷம் துபாய்ல இருந்து ஒரு போட்டோ பாக்கத் தெரியலயா மாமா?" என்று கூடத்தில் உட்கார்ந்து சிரிப்பான். என் மனைவியும் மகளும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

"பாத்தேன் பாத்தேன்," என்றேன்.

"எப்பிடி?"

"நல்லாத்தான் இருக்காப்ல."

அப்புறம் மகள் வாங்கினாள். பின்னால் டிவி சத்தம், குழந்தைகள் சத்தம்.

"அப்பா... நான் அனுப்புனதப் பாத்தீங்களா?"

மச்சான்தான் போட்டோவை அவளை விட்டு அனுப்பியிருப்பான் என்று நினைத்தேன்.

"பாத்தேம்மா."

"பெரியப்பா முழுசாப் படிச்சாங்களா?" ஸ்டோர்கீப்பரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், பார்க்காத மனுஷரை.

போட்டோவைப் பார்க்கத்தானே வேண்டும், படிக்க என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒன்று தட்டியது. நன்றாக நினைவிருக்கிறது, தட்டியது. பையன் விவரம் எழுதியிருப்பாள் என்று நானே அதை அமுக்கிவிட்டேன்.

"எல்லாம் படிச்சாச்சும்மா. நல்ல எடம். மாமா சொல்றபடி நடக்கட்டும்."

போன் கார்டு தீர்ந்துவிட்டதோ என்று போனைத் தட்டிப் பார்த்தேன்.

"அப்ப சரிப்பா," என்றாள்.

பொய் சொன்னதைச் சரிக்கட்ட எப்படியாவது அந்த போட்டோவைப் பார்த்துவிட வேண்டும் என்று மறுநாளே போர்மேனிடம் கேட்டேன். அவர் பஞ்சாபி. ஆபீஸ் கிளார்க்குக்கு போன் போட்டால் தோஹா நம்பர் கிடைக்கும் என்று நினைத்தேன். "ஆஜ் சனிவார் ஹை பாய், ஆபீஸ் பந்த்," என்றார். அதுதான் அந்த லீவு மாற்றம் எனக்குச் செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளார்க் கிடைத்தார். தோஹா கேம்பில் இன்னும் போன் இழுக்கவில்லை, ஸ்டோர்கீப்பருக்கு அந்த ஊர் கார்டு வராமல் சிம் வாங்க முடியாது என்றார். கலாஸ், அதோடு முடிந்தது.

ரூமில் விஷயத்தைச் சொன்னேன். மூன்று வருஷம் அவரோடு ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறோம், அவர் அம்மா பெயர் எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எங்கள் ஏழு பேருடைய அம்மா பெயரும் அவருக்குத் தெரியும், எங்கள் கடிதத்தையெல்லாம் படித்தவர் ஆயிற்றே. அப்போது ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர், எங்கள் சமையல் பார்ட்னர், ஒரு யோசனை சொன்னார்:

"ரூமுக்குப் பொதுவான ஈமெயிலுதான? நம்மள்ல யாரோ ஒருத்தன் ஆத்தா பேரத்தான் வச்சிருப்பாரு. எங்காத்தா பேரப் போட்டுப் பாருண்ணே. அது பேரச் சொன்னா எங்கூர்ல போலீசே கதவத் தொறக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நான் என் அம்மா போக மற்ற ஆறு அம்மாக்களின் பெயரையும் பாடம் பண்ணிக்கொண்டு பர் துபாய் போனேன். பஸ்ஸில் சொல்லிக்கொண்டே போனேன், ஒன்று விட்டுப்போகக் கூடாதே என்று. கடைக்காரர் ஒவ்வொன்றாக அடித்தார். மூன்றாவது பெயரிலேயே மெஷின் மூடிக்கொண்டது. மற்ற மூணு பெயரும் என் வாயிலேயே நின்றுவிட்டன. அதற்கு அடுத்த வாரம் அந்த மூணு. அவையும் இல்லை.

அதற்குள் ஊரில் பூ வைத்துவிட்டார்கள். ஐப்பசியில் கல்யாணம். லீவு கேட்டேன், காங்கிரீட் போடுகிற சீசன், மாஃபி, கிடையாது என்றுவிட்டார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் நான் பதினேழாவது மாடியில் தூண் கம்பிக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் முடிந்து பதினோராம் நாள் ஸ்டோர்கீப்பர் சிம் வாங்கிவிட்டு முதல் போனை எங்கள் ரூமுக்குத்தான் போட்டார். பாஸ்வேர்டு கேட்டேன். "அட, அதச் சொல்லலயா நானு?" என்று பதறிப்போனார். எங்கள் ரூம் நம்பரும் டூட்டி பஸ் நம்பரும் சேர்த்துப் போட்டதாம். எனக்குப் படிக்கத் தெரிந்த இரண்டே நம்பர்.

வெள்ளிக்கிழமை கடைக்காரரிடம் நம்பரைச் சொன்னேன். திறந்துகொண்டது. என் வீட்டிலிருந்து இரண்டு வந்திருக்கிறது என்றார். ஒன்றில் மாப்பிள்ளை போட்டோ. நல்ல முகம், இப்போதும் அதில் குறை சொல்ல மாட்டேன். இன்னொன்று மகள் அனுப்பியது. தமிழ்ப் பேச்சு கடைக்காரருக்குப் புரியும், தமிழ் எழுத்து தெரியாது. இங்கிலீஷ் எழுத்தில் இருந்ததால் கூட்டிக் கூட்டிப் படித்தார். என் மகள் பேச்சு மலையாளத்துக்காரர் குரலில் வந்தது.

"பெரியப்பா, இத அப்பாகிட்ட மட்டும் தனியாப் படிச்சுக் காட்டுங்க. அப்பா, எனக்கு இப்ப கல்யாணம் வேணாம். ஒரு வருஷம் இருந்தா நான் டீச்சர் ஆயிருவேன். அப்பறம் நீங்க யாரச் சொன்னாலும் கட்டிக்கறேன். மாமாகிட்ட அழுது பாத்துட்டேன். உங்கப்பா வேணாம்னு சொன்னா நிறுத்திடறேன்னாங்க. போன்ல எல்லாரும் இருப்பாங்க, என்னால பேச முடியாது. நான் பாத்தீங்களான்னு மட்டும் கேப்பேன். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த மாமாகிட்ட சொல்லுங்க போதும்."

கடைக்காரர் பாதியிலேயே புரிந்துகொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைப் படித்தார். பக்கத்து மெஷின்காரர்களுக்குக் கேட்கக் கூடாது என்று. ஸ்டோர்கீப்பர் வாட்டர் கூலர் பக்கம் கூட்டிப்போய்ப் படிப்பாரே, அது மாதிரி.

"கல்யாணம் கழிஞ்ஞோ அண்ணா?"

தலையை ஆட்டினேன்.

"பதில் அடிக்கணுமா?"

என்னவென்று அடிப்பது? பேப்பரில் எடுத்துத் தரவா என்றார். வேண்டாம் என்றேன். இரண்டு பஸ் போகும்வரை ஸ்டாப்பில் சும்மா நின்றேன்.

அவள் படிப்பு அதோடு நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துக் கட்டுகிற வேலைக்குப் போகிறாள். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. இரண்டு பிள்ளைகள். போன் பண்ணினால், "சாப்டீங்களா, மாத்தர போட்டீங்களா," அவ்வளவுதான். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அப்பா முழுசாகப் படித்துவிட்டுத்தான் மாமா சொல்றபடி நடக்கட்டும் என்றார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்குத் திரும்பிய பிறகு மூன்று தடவை அதைச் சொல்லவென்றே திருப்பூருக்குப் போனேன். மூன்று தடவையும் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாசம் எங்கள் டீக்கடைக்காரர் என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். ஏ.ஐ. என்கிறார்கள். "மைக்க அமுக்கித் தமிழ்ல கேளுங்க பெரியவரே, அதுவும் தமிழ்லயே சொல்லும்," என்றார். பேங்கிலிருந்து வந்த மெசேஜைக் காட்டினேன், என்னவென்று படித்துச் சொன்னது. ஆஸ்பத்திரிச் சீட்டை போட்டோ எடுத்துக் காட்டினேன், எந்த மாத்திரை எப்போது என்று சொன்னது. ஒரு மாத்திரையைக் காலைக்குப் பதில் ராத்திரி என்று தப்பாகச் சொல்லி, மருந்துக்கடையில்தான் திருத்தினார்கள். தப்பும் செய்கிறது, அதனால் ஒரு ஆளிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எத்தனை தடவை கேட்டாலும் அலுத்துக்கொள்வதில்லை. தெரியவில்லை என்று அதனிடம் சொல்ல எனக்குக் கூச்சம் வரவில்லை. இந்த வயசில் அதுதான் எனக்கு அதிசயம்.

ஒரு நாள் மத்தியானம் அதனிடம் அந்தப் பழைய ஈமெயிலைத் திறந்து தரச் சொன்னேன். நம்பர் இரண்டும் எனக்கு இன்னும் தெரியும். மகள் எழுதியதை இன்னொரு தடவை, தமிழ்க்குரலில் கேட்க வேண்டும் என்று ஆசை. தன்னால் உள்ளே போய்த் திறக்க முடியாது என்றது. இத்தனை வருஷம் யாரும் தொடாத கணக்கை அநேகமாக மூடியிருப்பார்கள், கடிதங்களும் அழிந்திருக்கும் என்றது. டீக்கடைக்காரரை விட்டு நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு முகவரியே இல்லை என்று வந்தது.

அன்றைக்கு பர் துபாய் மாடியில் இப்படி ஒன்று என் கையில் இருந்திருந்தால் என்று யோசிக்கிறேன். அதுவும் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்திருக்காது. ஆனால் கார்டு காட்டுகிற விஷயம் இல்லை இது என்று ரூமிலேயே சொல்லியிருக்கும். ஸ்டோர்கீப்பர் இருக்கும்போதே பாஸ்வேர்டைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் மகளிடம் பார்க்கவில்லை என்று சொல்ல அது எனக்குத் தைரியம் கொடுத்திருக்குமா? தெரியவில்லை. அந்த ஒரு வார்த்தையை நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

நான் பேசப் பேச இதையும் அந்த போன்தான் எழுதிக்கொள்கிறது. படிக்கிற உங்களுக்கு துபாய்ப் பக்கத்து கேம்புகளில் யாராவது இருந்தால், படிக்கத் தெரியாத ஆளாக இருந்தால், அவரிடம் சொல்லுங்கள்: மைக்கை அமுக்கிக் கேட்கச் சொல்லுங்கள், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்புறம், திருப்பூர்ப் பக்கம் போகிறவர்கள், டீச்சர் டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணை, துபாய் ரூமுக்கு ஒரு கடிதம் அனுப்பியதாகச் சொல்கிற பெண்ணைப் பார்த்தால், உங்கப்பா அன்றைக்கு அதைப் பார்க்கவே இல்லையம்மா என்று சொல்லிவிடுங்கள்.